வேலிக்கு வெளியே நின்ற ஃபுளோரின்

எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு வருவதெல்லாம் குடை, பம்பு, கதவுக்கீல், மடக்கு நாற்காலி. யாரோ ஒருவர் குடைக்கு இரண்டாவது கைப்பிடி வைத்துவிட்டு, உலகத்தில் இதை நான்தான் முதலில் செய்தேன், வேறு யாரும் செய்து விற்கக் கூடாது என்று காப்புரிமை கேட்பார். அது உண்மையிலேயே புதியதா, எவருக்கும் சாதாரணமாகத் தோன்றக்கூடியதா, எதற்காவது பயன்படுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கையில் பிடித்துப் பார்க்க முடிந்த பொருள்கள். எனக்கு அதுதான் சரி. பக்கத்து மேசை அக்காவுக்கு வருவது மருந்துகள். மருந்து என்றுகூடச் சொல்ல முடியாது. மருந்தாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வேதிப்பொருள்கள். கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது, பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவும் முடியாது.

அக்கா என்று நான் சொல்வது வெறும் அலுவலக மரியாதைக்காக இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘தம்பி, நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னைச் சில காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்துவிட்டு, தன் தங்கைக்கே கட்டிவைத்துவிட்டார். அதோடு நான் ‘மாப்பிள்ளை, நீங்க’ ஆகிவிட்டேன். கோபம் வந்தால் மட்டும் பழைய தம்பி எட்டிப் பார்ப்பான். கல்யாணப் பேச்சை எடுத்தபோது என்னைப் பற்றி அக்கா வீட்டில் கொடுத்த அறிக்கை இவ்வளவுதான்: “புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா பயன்படும்.” என் மனைவி இதை இன்றுவரை மறக்கவில்லை; என்னையும் மறக்க விடுவதில்லை.

அலுவலகத்தில் அக்காவுக்குச் சல்லடை என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். கல்லூரியில் வேதியியல் படித்தபோது ஆய்வகத்தில் ஏதோ வெடித்து ஒரு பக்கப் புருவம் முழுதும் போய்விட்டதாம். இனி நீ அடுப்பைத் தவிர வேறெதையும் பற்றவைக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார். புருவம் திரும்ப முளைப்பதற்குள் அக்கா இந்த வேலைக்கான தேர்வை எழுதிவிட்டார். அன்றிலிருந்து பிறர் வெடிக்கவைத்ததைப் படித்துப் பார்ப்பதே பிழைப்பு. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய உறைகளின் பின்பக்கத்தில் அறுகோணமாக வளையம் வளையமாக வரைந்துகொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி படிப்பார். அந்த முணுமுணுப்பு நடந்துகொண்டிருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நின்றால் எங்கோ யாரோ ஒரு வக்கீலுக்கு நேரம் சரியில்லை.

அவர் என்ன படிக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த அளவுக்குத்தான். காப்புரிமை விண்ணப்பத்தில் முதலில் கண்டுபிடிப்பைப் பற்றிய நீண்ட விளக்கம் இருக்கும். கடைசியில் கோரிக்கை வரும். அதுதான் வேலி. இந்த வேலிக்குள் இருப்பதெல்லாம் எனக்குச் சொந்தம் என்று அறிவிப்பது. குடைக்காரர் போடும் வேலி சின்னது. மருந்துக்காரர்கள் அப்படி இல்லை. ஒரு வளையத்தை வரைந்து, அதன் மூலைகளில் ஆர்-ஒன்று, ஆர்-இரண்டு என்று எழுத்துகளைத் தொங்கவிட்டு, இந்த இடத்தில் இதுவோ அதுவோ, இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமே இல்லாமலோ இருக்கலாம் என்று எழுதுவார்கள். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், ஒரே ஒரு குப்பியில் ஒரு சிட்டிகைப் பொடி செய்தவர் ஒரு மாநகரத்தையே வளைத்துப் போட்டிருப்பார். அந்த வேலிக்குள் ஏற்கெனவே யாராவது குடியிருக்கிறார்களா, அதாவது முன்பே உலகத்துக்குத் தெரிந்த பொருள் ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பிடிப்பதுதான் அக்காவின் வேலை.

எல்லாரும் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்கா மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொன்றும் செய்வார். விண்ணப்பக்காரர் நிஜமாகவே செய்து பார்த்த பொருளை எடுத்து, அவருடைய கோரிக்கைக்குள் அது வருகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்ப்பார். அப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. “வேலி போட்டவன் வீடு உள்ள இருக்கான்னு பார்க்க வேண்டாமா, மாப்பிள்ளை?” என்பார். வேண்டாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆய்வகத்திலிருந்து வலிப்பு மருந்துக்கான விண்ணப்பம் ஒன்று வந்திருந்தது. ஆய்வகம் என்று பெயர்தானே தவிர, ஒரு மாடி, அதில் ஒரு வேதியியலாளர், ஓர் உதவியாளர், சில எலிகள். முதல் விசாரணைக்கு அந்த வேதியியலாளர் வந்தபோது சட்டையில் அமிலம் பட்ட ஓட்டைகள் இருந்தன. பேச்செல்லாம் அவருடைய வக்கீல்தான் பேசினார். பேசினார் என்றால் அப்படி ஒரு பேச்சு. எதிரே இருப்பவருக்கு மூச்சு விட இடம் தரமாட்டார். வேதியியலாளர் கடைசியில் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

“இப்ப இருக்கிற மாத்திரை வலிப்பை நிறுத்தும் மேடம். ஆனா குழந்தைங்களைத் தூங்க வெச்சிடும். பள்ளிக்கூடம் பூரா தூங்கிட்டே போயிடும். நாங்க ஏழாவதா செஞ்ச பொருள், எங்க ஏழாம் நம்பர், தூக்கம் வர வைக்காது. மாத்திரை கம்பெனி ஒண்ணு, மனுஷங்களுக்குக் கொடுத்து சோதிச்சுப் பார்க்கத் தயாரா இருக்காங்க. அதுக்கு ரொம்ப செலவாகும். காப்புரிமை இல்லேன்னா வர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. வரலேன்னா ஏழு குப்பியிலயே இருந்துடும்.”

அக்கா அதற்கெல்லாம் இளகவில்லை. பழைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். வேலிக்குள் வரும் ஒரு பொருளை, ஆர்-மூன்று என்ற மூலையில் குளோரின் வைத்த பொருளை, யாரோ முன்பே செய்து எழுதியிருந்தார்கள். ஆகவே கோரிக்கை புதியதில்லை. திருத்திக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

திருத்தம் வந்தது, ஆனால் கெடுவின் கடைசி நாள் காலையில். அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் விண்ணப்பம் குறை எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். நின்றால் உரிமை உண்டு. இல்லையென்றால் விண்ணப்பம் அத்தோடு செத்தது. அதற்குப் பிறகு நாங்கள் நினைத்தாலும் உயிர் கொடுக்க முடியாது. வக்கீல் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஆர்-மூன்றில் ஹாலஜன் எதுவும் இருக்கக் கூடாது. குளோரின் ஒரு ஹாலஜன். ஆகவே பழைய பொருள் வெளியே போய்விட்டது. சுத்தம். எங்கள் அதிகாரிகூட வந்து எட்டிப் பார்த்து, “சரியாத்தானே இருக்கு? முடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முணுமுணுப்பு நின்றது. நான் ஒரு மடக்கு நாற்காலியின் படத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.

“மாப்பிள்ளை, இங்க வாங்க.” குரல் சரியில்லை. உறையின் பின்பக்கத்தில் வளையம் வரைந்திருந்தார். “இதுதான் ஏழு. இந்த மூலை இருக்கே, ஏழோட முழுப் பேர்ல இதுக்கு நாலாம் இடம்னு பேர். கோரிக்கையில இதே மூலைக்கு ஆர்-மூணுன்னு பேர். புரியுதா?”

“புரியுது.”

“ஏழுல அந்த மூலையில என்ன இருக்கு தெரியுமா? ஃபுளோரின்.”

“ஃபுளோரின் ஹாலஜனா?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், தங்கையைக் கொடுத்ததற்கு அவர் வருத்தப்பட்டது நன்றாகத் தெரிந்தது. “ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின், எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க. வெளியில போக வேண்டியது குளோரின் மட்டும். இவரு குடும்பத்தையே துரத்திக் கதவைச் சாத்திட்டாரு. அதோட இவங்க ஏழும் போயிடுச்சு. ஊரையே வளைச்சு வேலி போட்டிருக்காங்க, இவங்க வீடு வெளியில நிக்குது.”

இப்படி ஒரு தவறை மருந்துக் காப்புரிமை எழுதுகிறவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. வக்கீலுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்து. வேதியியலாளருக்குத் தெரிந்ததெல்லாம் குப்பி. எழுத்தையும் குப்பியையும் சேர்த்து வைத்து வரைந்து பார்த்தால்தான் தெரியும். இருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

“அது அவங்க தலையெழுத்து அக்கா,” என்றேன். “கேட்டதைக் கொடுத்துட்டுப் போவோம். நாம அவங்களுக்கு வக்கீலா?”

“தம்பி,” என்றார் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டேன். “விளக்கம் பூரா ஏழு ஏழுன்னு சொல்லுது, கோரிக்கை அதே ஏழாம் நம்பரை வேண்டாம்னு சொல்லுது. முன்னுக்குப் பின் முரண். நான் ஆட்சேபிச்சே ஆகணும். ஆட்சேபிச்சு, சாயந்திரத்துக்குள்ள அவங்க சரி பண்ணலேன்னா விண்ணப்பமே போயிடும். பேசாம கையெழுத்துப் போட்டா, ஒண்ணுக்கும் உதவாத காப்புரிமை கையில வரும். எப்படிப் பார்த்தாலும் அந்த மருந்து குப்பியிலதான்.”

சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்துவிட்டார். வக்கீல் பல் மருத்துவரிடம் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு இருப்பதாக அவருடைய அலுவலகத்தில் சொன்னார்கள். “அப்படியே கூட்டிட்டு வாங்க,” என்றார் அக்கா. பிறகு வேதியியலாளரை அழைத்து, “உங்க கோரிக்கையை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. இல்ல, வேண்டாம், என்கிட்டயே இருக்கு. நீங்க மட்டும் வாங்க,” என்றார். இத்தனை வருடத்தில் அக்கா பதறி நான் பார்த்தது அன்றுதான்.

இருவரும் வாசலில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். வக்கீலின் ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாய் மரத்துப்போய், பேச வரவில்லை. ஊரையே பேசி மடக்குகிற மனிதர் கையால் சைகை காட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. விசாரணை அறையில் அக்கா வளையத்தைக் காட்டி, ஊரை வளைத்த வேலிக்கு வெளியே வீடு நிற்கும் விஷயத்தைச் சொன்னார். வக்கீல் முதலில் இல்லவே இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் நெற்றியில் அறைந்துகொண்டார். வேதியியலாளர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“அப்ப ஃபுளோரினை மறுபடி உள்ள சேர்த்துடலாமே மேடம்?” என்றார்.

“சேர்க்கலாம்.” அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுவரைக்கும் உங்களுக்காகப் பேசறேன்னு நினைச்சிருப்பீங்க. இப்ப நான் உங்களை எதிர்த்துக் கேக்கப் போறேன். அது என் வேலை. அண்ணன் குளோரின் பழைய கட்டுரையில இருக்கு. அதை எடுத்துட்டு தம்பி ஃபுளோரினை வைக்கிறது வேதியியல் படிச்ச யாருக்கும் முதல்ல தோணும். இதுல நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?”

எங்கள் அதிகாரியும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் உரிமை. அவர் தோளில் வீட்டுக்குக் கிளம்பும் பை தொங்கிக்கொண்டிருந்தது. வேதியியலாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பரிதாபமாகத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். வேறு வழியில்லை. ஓட்டைச் சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“எனக்கும் அப்படித்தான் மேடம் தோணுச்சு. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு. குளோரின் வெச்சதை முதல்ல செஞ்சேன். எலிக்கு வலிப்பு நின்னுடுச்சு, ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குச்சு. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஃபுளோரின் வெச்சு ஏழாம் நம்பரைச் செஞ்சேன். அதுவும் தூங்க வைக்கும்னு தெரியும்ல, அதனால கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி மாடி ஏறும்போதே சத்தம் கேக்குது. எலி சக்கரத்துல ஓடிட்டிருக்கு. வலிப்பும் இல்ல, தூக்கமும் இல்ல. உதவியாளர் மருந்துக்குப் பதிலா தண்ணியைக் கொடுத்துட்டார்னு அவரைப் பிடிச்சுத் திட்டினேன். மறுபடி நானே என் கையால கொடுத்தேன். மறுபடியும் ஓடுது.” அவர் குரல் தழுதழுத்தது, ஆனால் முகம் சிரித்தது. “அந்தச் சக்கரம் கிறீச் கிறீச்சுன்னு கத்தும் மேடம். இன்னிவரைக்கும் நான் அதுக்கு எண்ணெய் போடல. இது யாருக்கும் தோணக்கூடிய விஷயம்னா எனக்கு முதல்ல தோணியிருக்கணுமே? நானே நம்பலையே!”

அக்கா விளக்கத்தின் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு பொருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்த சோதனை அங்கே ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதிகாரியிடம் தள்ளினார்.

“மத்த ஹாலஜன் எல்லாம்?” என்று கேட்டார் அதிகாரி. “புரோமின்? அயோடின்?”

“செஞ்சு பார்க்கல,” என்றார் வேதியியலாளர்.

“செய்யாததுக்கு எப்படி உரிமை கொடுக்கறது? இந்தக் கோரிக்கை பூரா இப்படித்தானே இருக்கும்?”

அக்கா மெதுவாகச் சொன்னார். “ஏழுக்கு மட்டும் கேட்டா, நான் ஆட்சேபிக்க ஒண்ணுமில்ல.”

வக்கீல் தவித்துப்போனார். ஆர்-ஒன்றிலிருந்து ஆர்-ஒன்பதுவரை அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வேலி. காகிதத்தை இழுத்து, ‘எல்லாவற்றையும் விடுவதா?’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வேதியியலாளர் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் அதைப் படித்துவிட்டு வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஊர் வேண்டாம் சார். என் வீடு போதும்.”

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். கோரிக்கை ஒரே வரியாகச் சுருங்கியது. வக்கீல் எழுதினார். அக்கா அதையும் வளையம் வரைந்து, எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். முகப்பில் பதிவு ஊழியர் திரையை இறக்கப் போனார்; நான் நடுவில் நின்று அவரிடம் குடை விண்ணப்பங்களைப் பற்றி எனக்கே புரியாத ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். காகிதம் வந்து சேர்ந்தது. முத்திரை விழுந்தது. அதிகாரி பையைத் தோளிலிருந்து இறக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வேதியியலாளர் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். “நான் குடை பார்க்கிறவன் சார்,” என்றேன். “அதனால என்ன!” என்று இன்னொரு முறை குலுக்கினார். வக்கீல் சிரிக்கப் பார்த்தார். பாதி வாய்தான் சிரித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் பிடிக்க முடியாத ஒரு பொருளுக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை. அக்கா என்னோடு நடந்து வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் பார்த்தேன், காலில் செருப்பில்லை. மேசைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “அட ஆமா,” என்று காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே பேருந்தில் ஏறிவிட்டார்.

எங்கள் வேலையில் ஒரு குறை உண்டு. வேலியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு முடிந்தது. உள்ளே என்ன விளைந்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை. மாத்திரை கம்பெனி வந்ததா, மனிதர்களிடம் சோதித்தார்களா, தேறியதா, ஒன்றும் தெரியாது. வருடங்கள் போயின. அக்காவுக்கு முடி நரைத்தது, எனக்கு முடி கொட்டியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை. வாரக் கடைசியில் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று ஒரு சிறுமியின் முறை.

“வருஷ ஆரம்பத்துல அவ இருக்கிற இடமே தெரியாதுக்கா. வலிப்புக்கு மாத்திரை போடுவா, காலையில வந்து மேசையில தலையை வெச்சா மணி அடிக்கும்போது அவங்க அம்மா தூக்கிட்டுப் போவாங்க. பாவமா இருக்கும். இப்ப ஏதோ புது மாத்திரை மாத்தியிருக்காங்க. மதியம் நான்தான் கொடுக்கறேன். அம்மாடி! வாயே மூடறதில்ல! கரும்பலகை ஏன் கறுப்பு, நேத்து ஏன் திரும்பி வராது, எறும்புக்குப் பல்லு உண்டா... வெள்ளிக்கிழமை பக்கத்துப் பையனோட சண்டை வேற. அவளைத் திட்டித் திட்டியே எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு.”

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “என்ன மாத்திரைடி அது?”

“எனக்கென்ன தெரியும்? அவங்க அம்மா அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க, இரு.” தொலைபேசியை எடுத்து நீட்டினாள்.

அக்கா இடது கையால் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, அட்டையில் பொடி எழுத்தில் இருந்த அந்த நீளப் பெயரை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். பாதியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். சாப்பிட்ட கையின் விரல் தட்டின் ஓரத்தில் ஒரு வளையம் வரைந்தது. நாலாம் இடத்தில் வந்து அழுத்தி நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. ஏழுதான்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். என் மனைவி ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னக்கா? நான் தொண்டை கட்டிப்போச்சுன்னு சொல்றேன், உனக்குச் சிரிப்பா இருக்கா?”

“திட்டுடி,” என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நல்லாத் திட்டு. திட்டு வாங்க அவ முழிச்சிட்டிருக்கா பாரு!”